விஷன் போர்டு: படம் ஒட்டுவதற்கு முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

நம் இலக்குகளின் படங்களை ஒட்டிக் கண்ணில் படும்படி மாட்டி வைக்கும் பலகைதான் விஷன் போர்டு. அதைச் செய்வது எப்படி என்று தேடினால் எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் வருகிறது. பிடித்த படங்களை வெட்டுங்கள், ஒட்டுங்கள், தினமும் பாருங்கள், மனதார நம்புங்கள், நடந்துவிடும். இதை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்குகிறவர் நான் பட்ட பாட்டைத்தான் படுவார். எத்தனை படம் ஒட்டுவது, எதை முதலில் செய்வது, பணத்துக்கு என்ன வழி, ஒட்டி முடித்த மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும், எதற்கும் விடை இருக்காது. தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்ட வரிசையை இங்கே எழுதுகிறேன், நீங்களாவது நேர்வழியில் போய்ச் சேருங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் கிடைக்கப்போகும் பலனின் படம் மட்டும் போர்டில் இருந்தால் போதாது, அதற்காக நீங்கள் செய்யப்போகும் வேலையும் அதில் இருக்க வேண்டும். இதற்கு ஆய்வு ஆதாரமே இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் என்ற உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து ஒரு ஆய்வு செய்து 1999-இல் வெளியிட்டார்கள். தேர்வுக்கு முந்தைய நாட்களில் ஒரு பிரிவினர் நல்ல மதிப்பெண் வாங்கி மகிழ்வதைத் தினமும் சில நிமிடம் மனக்கண்ணில் பார்த்தார்கள், இன்னொரு பிரிவினர் அந்த மதிப்பெண்ணுக்காகத் தாங்கள் உட்கார்ந்து படிப்பதைப் பார்த்தார்கள். படிப்பதைக் கற்பனை செய்தவர்கள்தான் சீக்கிரம் படிக்கத் தொடங்கினார்கள், மதிப்பெண்ணும் அவர்களுக்குத்தான் அதிகம். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு விஷயத்தை ஒட்டித்தான் போகின்றன.

நேரக் கணக்கு: போர்டு தயாரிக்க ஒரு மாலைப் பொழுது போதும். அதற்கு முந்தைய எழுத்து வேலைக்கும் விசாரிக்கும் வேலைக்கும் குறைந்தது ஒரு வாரம், இரண்டு வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது.

1. கத்தரிக்கோலைத் தொடாமல் எழுதுங்கள்

ஒரு நோட்டில் என்னென்ன வேண்டும் என்று தோன்றுகிறதோ எல்லாவற்றையும் எழுதுங்கள். சரியா தப்பா என்று யோசிக்க வேண்டாம். எழுதியதை மூன்று நான்கு நாள் மூடி வைத்துவிட்டு அப்புறம் எடுத்துப் படியுங்கள். அப்போது ஒவ்வொரு வரியிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது கிடைத்ததை யாரிடமும் சொல்ல முடியாது, யாருக்கும் காட்ட முடியாது என்றால் அப்போதும் இது எனக்கு வேண்டுமா? பட்டியலில் பாதி இந்தக் கேள்விக்கே கழன்று விழுந்துவிடும். வீட்டாரின் ஆசை, நண்பர்களைப் பார்த்து வந்த ஆசை, பத்து வருஷத்துக்கு முன்னால் நமக்கே இருந்து இப்போது உயிர் போய்விட்ட ஆசை, எல்லாம் அதில் இருக்கும்.

மிஞ்சியதை, முடிந்ததா இல்லையா என்று அடுத்தவர் பார்த்துச் சொல்லக்கூடிய வாக்கியமாக மாற்றுங்கள். "ஆரோக்கியமாக இருக்க வேண்டும்" என்றால் அது என்றைக்குமே முடியாது. "நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓட வேண்டும்" என்றால் ஓடினோமா இல்லையா என்பது தெரியும். "கடன் குறைய வேண்டும்" என்பதை விட "இன்ன கடனை இன்ன மாதத்துக்குள் அடைத்துவிட வேண்டும்" என்பது நல்லது. "நன்றாக வாழ வேண்டும்", "நிம்மதி" மாதிரியான சொற்கள் போர்டில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அவற்றுக்கு அடுத்த படி என்று ஒன்று எழுத வராது.

2. மூன்றுக்கு மேல் வேண்டாம்

ஒரு வாரத்தில் 168 மணி நேரம். தூக்கம், வேலை, பயணம், வீட்டு வேலை, குழந்தைகள், பெரியவர்கள் எல்லாவற்றையும் கழித்துவிட்டு நிஜமாக உங்கள் கையில் மிஞ்சுவது எத்தனை மணி நேரம் என்று எழுதிப் பாருங்கள். பலருக்கு அது ஐந்தும் பத்துமாகத்தான் இருக்கும். அதை எட்டு இலக்குக்குப் பங்கு போட்டால் எதற்கும் போதாது.

விட மனசு வராத இலக்குகளை ஒரு உறையில் போட்டு போர்டுக்குப் பின்னால் செருகி வையுங்கள். தொலைந்து போகாது, அதன் முறை வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

3. இலக்குக்கு ஒரு தாள்: காகிதங்கள், பணம், நாட்கள்

எல்லாரும் தாண்டிக் குதித்துப் போகிற இடம் இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நிதானமாகவே நிற்கிறேன். ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு தாள் எடுத்து அதை மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் பகுதி, காகிதங்கள். வெளிநாட்டில் படிக்க வேண்டும், தொழில் தொடங்க வேண்டும், வீடு வாங்க வேண்டும், வண்டி ஓட்டும் உரிமம் எடுக்க வேண்டும், எதுவாக இருந்தாலும் ஏதோ ஒரு காகிதம் இல்லாமல் நகராது. என்னென்ன தேவை, எது கையில் இருக்கிறது, எது இல்லை, இல்லாததை யார் தருவார்கள், எத்தனை நாள் ஆகும் என்று எழுதுங்கள். இங்கே சிக்கிக்கொள்கிற இடங்கள் மூன்று.

ஒன்று, பெயர். ஒரு சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், இன்னொன்றில் வேறு என்றால் அதைச் சரிசெய்வதே தனி வேலையாகிவிடும், அதை முதல் மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும். 

இரண்டு, காலாவதி. வெளிநாட்டுப் படிப்புக்குக் கேட்கும் ஆங்கிலத் தேர்வான டோஃபலின் மதிப்பெண், தேர்வு எழுதிய நாளிலிருந்து 2 வருடம்தான் செல்லும், அதனால் ஆர்வத்தில் தேர்வை முதலில் எழுதிவிட்டு மற்றதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், விண்ணப்பம் போடும்போது மதிப்பெண் செத்திருக்கும். பாஸ்போர்ட்டும் அப்படித்தான். பல நாடுகள் அதில் இன்னும் 6 மாதமாவது பாக்கி இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. எது சீக்கிரம் காலாவதியாகுமோ அதைக் கடைசியில் எடுங்கள், எது கிடைக்கத் தாமதமாகுமோ அதை முதலில் தொடங்குங்கள். 

மூன்று, அடுத்தவர் கையெழுத்து. பரிந்துரைக் கடிதம், பழைய நிறுவனத்தின் அனுபவச் சான்று, படித்த இடத்திலிருந்து மதிப்பெண் பட்டியல், இவையெல்லாம் நம் வேகத்தில் வராது. கேட்ட தேதியையும் நினைவூட்ட வேண்டிய தேதியையும் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

என் இலக்கு ஓட்டமோ ஓவியமோதான், அதற்கு எதற்குக் காகிதம் என்று கேட்கலாம். உண்டு. ஓடத் தொடங்குவதற்கு முன் ஏற்கெனவே உடம்புக்கு ஏதாவது இருந்தால் மருத்துவரின் யோசனை வேண்டும், அப்புறம் ஒரு பயிற்சி அட்டவணை வேண்டும். ஓடியே பழக்கமில்லாதவரை 5 கிலோமீட்டருக்குக் கொண்டுவர பரவலாகப் பயன்படுகிற திட்டம் 9 வாரம், வாரத்துக்கு 3 நாள். மாரத்தான் 42.195 கிலோமீட்டர், அதற்கான பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் 16 முதல் 20 வாரம், அதுவும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு. இதைத் தாளில் எழுதிப் பார்த்தால்தான் இரண்டு மாதத்தில் மாரத்தான் என்ற படத்தை ஒட்டலாமா வேண்டாமா என்பது தெரியும்.

இரண்டாம் பகுதி, பணம். ஒரு தடவை ஆகும் செலவு, மாதா மாதம் ஆகும் செலவு, கண்ணில் படாத செலவு என்று மூன்று வரிசை போடுங்கள். முதல் இரண்டும் எல்லாருக்கும் தெரியும், கழுத்தைப் பிடிப்பது மூன்றாவதுதான்: விண்ணப்பக் கட்டணம், மொழிபெயர்ப்பு, சான்றொப்பம், கூரியர், தேர்வை மறுபடி எழுத வேண்டி வந்தால் அதன் கட்டணம், இதற்காக எடுக்கும் விடுப்பில் போகும் சம்பளம். மொத்தத்தைக் கூட்டி, கையில் இருக்கும் மாதங்களால் வகுங்கள். 60,000 வேண்டும், 20 மாதம் இருக்கிறது என்றால் மாதம் 3,000. இந்த மாதத் தொகையைத்தான் போர்டில் எழுத வேண்டும், மொத்தத் தொகையை எழுதாதீர்கள். பெரிய எண்ணைத் தினமும் பார்த்தால் மலைப்பு வருமே தவிர பணம் வராது. மாதத் தொகையை உங்களால் ஒதுக்க முடியவில்லை என்றால் தேதியைத் தள்ளிப் போடுங்கள், கடன் வாங்கித் தொடங்க வேண்டாம்.

மூன்றாம் பகுதி, நாட்கள். கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி வாருங்கள். விண்ணப்பம் முடியும் நாள், அதற்கு முன் காகிதங்கள் கைக்கு வர வேண்டிய நாள், அதற்கு முன் தேர்வு எழுத வேண்டிய நாள், அதற்கு முன் படிக்கத் தொடங்க வேண்டிய நாள். எண்ணி முடித்ததும் ஒவ்வொரு வேலைக்கும் போட்ட கால அளவை ஒன்றரை மடங்கு ஆக்குங்கள். நாம் எல்லாருமே நம் வேலைக்கு ஆகும் நாளைக் குறைத்துத்தான் மதிப்பிடுகிறோம். 1994-இல் ரோஜர் பூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடித்துவிடுவோம் என்றார்கள், ஆனதோ 55 நாளுக்கு மேல்.

தினசரிப் பழக்கமாக ஆக வேண்டிய இலக்கு என்றால் 21 நாளில் பழகிவிடும் என்ற பேச்சை நம்பி நாள் குறிக்காதீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் நடந்த ஒரு ஆய்வில் ஒரு பழக்கம் தானாக ஓடத் தொடங்கச் சராசரியாக 66 நாள் ஆனது. அதுவும் ஆளுக்கு ஆள், பழக்கத்துக்குப் பழக்கம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்தது. இருபத்திரண்டாம் நாளும் கஷ்டமாக இருக்கிறதே என்று விட்டுவிடுகிறவர்கள் எத்தனையோ பேர், அவர்களிடம் ஒரு குறையும் இல்லை, அவர்களுக்குச் சொன்ன கணக்குத்தான் தப்பு.

4. தடையையும் எழுதுங்கள்

கெட்டதை எழுதினால் கெட்டதே நடக்கும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். காப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் 1991-இல் தாமஸ் வாடனுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, எடை குறைக்க முயன்ற பெண்களைப் பற்றியது. எல்லாம் சுகமாக முடிவதாகக் கனவு கண்டவர்களுக்கு, அப்படிக் காணாதவர்களை விடக் குறைவாகத்தான் எடை குறைந்தது. முடியும் என்ற நம்பிக்கை வேறு, முடிந்துவிட்ட மாதிரி சுகத்தில் திளைப்பது வேறு. நம்பிக்கை உதவியது, திளைப்பது தடுத்தது. அதிலிருந்து அவர் வளர்த்த முறையில் ஆசை, அதன் பலன், உள்ளுக்குள் இருக்கும் தடை, அந்தத் தடை வரும்போது என்ன செய்வது என்று நான்கையும் வரிசையாக யோசிக்கச் சொல்கிறார்.

இதைப் போர்டில் கொண்டுவருவது சுலபம். ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு சின்னச் சீட்டு, அதில் ஒரே ஒரு வாக்கியம், "இப்படி ஆனால் இப்படிச் செய்வேன்" என்ற வடிவில். "வேலை முடிந்து களைப்பாக வந்தால், உடை மாற்றும் முன்பே பத்து நிமிடம் படிப்பேன்." "மழை பெய்தால், வீட்டுக்குள் இருபது நிமிடம் உடற்பயிற்சி." "மாதக் கடைசியில் சேமிப்பில் கை வைக்கத் தோன்றினால், இரண்டு நாள் பொறுத்து முடிவெடுப்பேன்." தடையை நேர்மையாக எழுத வேண்டும். நேரமில்லை என்பது பெரும்பாலும் தடையே இல்லை, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் செல்போனைக் கீழே வைக்க முடியவில்லை என்பதுதான் தடையாக இருக்கும்.

5. படம் தேடுவது

இலக்குக்கு மூன்று படம். ஒன்று பலன், ஒன்று வேலை, ஒன்று இன்றைய நிலை. வேலையின் படத்தை நீங்களே எடுங்கள்: உங்கள் மேசை, உங்கள் செருப்பு மாட்டும் இடத்தில் இருக்கும் ஓட்டக் காலணி, திறந்து கிடக்கும் உங்கள் புத்தகம். இன்றைய நிலைக்குப் படம் வேண்டுமென்பதில்லை, ஒரு எண் போதும், இன்னும் பாக்கி இருக்கும் கடன், இதுவரை ஓட முடிந்த தூரம் என்று. அது மாற மாற அந்தச் சீட்டை மட்டும் மாற்றுவீர்கள்.

முன்பின் தெரியாதவர்களின் உடம்பையும் முகத்தையும் ஒட்டாதீர்கள், குறிப்பாக எடை, தோற்றம் சம்பந்தமான இலக்குகளுக்கு. அந்தப் படங்களில் பல திருத்தப்பட்டவை, தினமும் அவற்றோடு நம்மை ஒப்பிட்டுக்கொண்டு இருப்பது மனசைத்தான் கெடுக்கும்.

பின்டரெஸ்ட் மாதிரி இடங்களில் படம் சேர்க்கத் தொடங்கினால் அதற்கு முடிவே கிடையாது. ஒரு மணி நேரம் என்று அலாரம் வைத்துக்கொண்டு உட்காருங்கள். அச்சடிப்பதாக இருந்தால் படத்தின் அளவையும் பாருங்கள். 4-க்கு 6 அங்குலத்தில் தெளிவாக வர 1200-க்கு 1800 பிக்சல் இருந்தால் நல்லது, இணையத்திலிருந்து எடுக்கும் சின்னப் படங்கள் மங்கித்தான் வரும்.

6. எதில் ஒட்டுவது, என்ன செலவு

செலவே இல்லாமல் செய்யலாம். பழைய அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம், பழைய காலண்டரின் பின்புறம், பீரோக் கதவின் உட்பக்கம், எதுவும் போதும். கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் கார்க் போர்டும் குண்டூசியும் வாங்குங்கள். பெரிய சட்டம், கண்ணாடி, லாமினேஷன் வேண்டாம். விலைக்காக மட்டும் சொல்லவில்லை, லாமினேட் செய்த போர்டை மாற்றவே முடியாது, மாற்ற முடியாத போர்டு சீக்கிரமே சுவரோடு சுவராகிவிடும். அதே காரணத்துக்காகப் பசையையும் தவிர்த்துவிடுங்கள்.

மூன்று இலக்குக்கு ஏ2 அளவு, அதாவது 42-க்கு 59.4 சென்டிமீட்டர், தாராளமாகப் போதும். இடமில்லாதவர்கள், விடுதியில் இருப்பவர்கள், மற்றவர் கண்ணில் படக் கூடாது என்று நினைப்பவர்கள் ஏ4 தாளில் செய்து கோப்பில் வைத்துக்கொள்ளலாம், அல்லது கேன்வா போன்ற செயலியில் செய்து செல்போனில் வைக்கலாம். செல்போன் திரையில் மூன்று இலக்கையும் நெருக்கினால் ஒன்றும் தெரியாது, ஒரு சமயத்தில் ஒரு இலக்கு மட்டும் வையுங்கள்.

7. ஒட்டும் மாலை

போர்டை மூன்று நெடுவரிசையாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் ஒரு இலக்கு. மேலே பலனின் படம், நடுவில் வேலையின் படமும் வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி என்பதும், அதன் கீழே தடைச் சீட்டு, கடைசி வரிசையில் இன்றைய நிலை, அடுத்த தேதி, மாதத் தொகை. பலனின் படம் சின்னதாகவும் வேலையின் படம் பெரிதாகவும் இருக்கட்டும். கால்வாசி இடத்தைக் காலியாக விடுங்கள், பின்னால் வருவதற்கு அது வேண்டும்.

பாஸ்போர்ட் நகல், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு எண், கடவுச்சொல் எதையும் போர்டில் குத்தாதீர்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள், ஆசையாகப் படம் எடுத்து இணையத்தில் போடும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். மூன்றாம் படியில் எழுதிய தாள்களும் காகிதங்களும் தனிக் கோப்பில் இருக்கட்டும்.

8. மாட்டும் இடம்

வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில். படிப்பு என்றால் மேசைக்கு எதிரே, ஓட்டம் என்றால் காலணி இருக்கும் இடத்தில். நேர் வெயில் படும் சுவரில் இங்க்ஜெட் அச்சுப் படம் சீக்கிரம் வெளுத்துவிடும், ஈரம் ஊறும் சுவரில் தாள் சுருண்டுவிடும்.

9. வாரத்துக்குப் பதினைந்து நிமிடம், மாதத்துக்கு ஒரு மணி நேரம்

தினமும் போர்டுக்கு முன்னால் நின்று தியானிக்க வேண்டிய அவசியமில்லை. வாரத்தில் ஒரு நாள், குறிப்பிட்ட நேரத்தில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, இன்றைய நிலைச் சீட்டை மாற்றி, அடுத்த வாரம் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையை எழுதிக் குத்துங்கள். மாதத்துக்கு ஒரு தடவை மூன்றாம் படியின் தாள்களை எடுத்து, எந்தக் காகிதம் வந்தது, எவ்வளவு பணம் சேர்ந்தது, எந்தத் தேதி நழுவியது என்று பாருங்கள். நழுவியிருந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாத் தேதியையும் அன்றைக்கே திருத்திவிடுங்கள், பழைய தேதி தொங்கிக்கொண்டிருக்கும் போர்டைப் பார்க்கவே மனசு வராது.

மாறாமல் இருக்கிற எதையும் கண் கொஞ்ச நாளில் கவனிக்காமல் விட்டுவிடும். அதற்காகவே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வேலையின் படத்தைப் புதிதாக எடுத்து மாற்றுங்கள். நீங்கள் முன்னேறியிருந்தால் படமும் மாறித்தான் இருக்கும்.

10. எப்போது கழற்றுவது

முடிந்த இலக்கை உடனே கழற்றிவிட்டு உறையிலிருந்து அடுத்ததை எடுங்கள். முடியாததையும் கழற்றலாம். தொடர்ந்து மூன்று மாதம் ஒரு நெடுவரிசையில் ஒரு சீட்டுகூட மாறவில்லை என்றால், முதல் படியின் கேள்வியை அதனிடம் மறுபடி கேளுங்கள். இன்னும் வேண்டும் என்று பதில் வந்தால் இலக்கைப் பாதியாக்குங்கள், வாரத்தில் நான்கு நாள் என்பதை இரண்டு நாள் ஆக்குங்கள். வேண்டாம் என்று வந்தால் எடுத்துவிடுங்கள். உடம்பு சரியில்லாத காலம், வீட்டில் ஒரு இழப்பு, வேலை போன சமயம், இப்படி எதுவானாலும் மொத்தப் போர்டையுமே கொஞ்ச நாள் திருப்பி மாட்டி வைக்கலாம், அதில் ஒரு குற்றமும் இல்லை.

கழற்றிய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொன்றிலும் நீங்கள் போட்ட நாள் கணக்குக்குப் பக்கத்தில் உண்மையில் ஆன நாளையும், போட்ட பணத்துக்குப் பக்கத்தில் ஆன பணத்தையும் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று இலக்கு முடிந்த பிறகு, நான் மேலே சொன்ன ஒன்றரை மடங்குக்குப் பதிலாக உங்கள் சொந்த மடங்கையே போட்டுக் கணக்குப் பார்க்கலாம்.